முதல் முறை சென்னைக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்களுக்கு

கொழும்பிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணித்தியாலம்கூடப் பறக்கத் தேவையில்லை, ஆனால் சிக்கல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதே தொடங்கிவிடும். "தம்பி, நம்ம ஆள் வெளியில நிப்பார், இந்தப் பையை மட்டும் குடுத்துவிடுங்க" என்று யாராவது வந்தால், உள்ளே என்ன என்றுகூடக் கேட்காதீர்கள், முடியாது என்று சொல்லிவிட்டு நகருங்கள். இதையே டிக்கெட்டும் கைக்காசும் கொடுத்து ஆள் வைத்துச் செய்தால் அதற்குப் பெயர் குருவி. தங்கத்தைப் பசையாக்கி உடம்புக்குள் வைத்து அனுப்புகிற அளவுக்குப் போயிருக்கிறது. 2024 ஜூலையில் இந்தியா தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்த பிறகும் குருவிகள் பிடிபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பி எண்ணுவது குருவி, முதலாளி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்.

சென்னை விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, மண்ணடியில் இறங்கினால் வியாபாரத் தெருக்களுக்கு நடை தூரம். ஓட்டோவில் மீட்டர் இருக்கும், போடுவது அபூர்வம், அதனால் ஏறுமுன் பேசிவிடுங்கள். ஒருமுறை நான் "கொஞ்சம் குறைச்சுக் கதைப்பமே அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டே "சிலோனா சார்?" என்றார், இருநூறு நானூறாகிவிட்டது. அன்றிலிருந்து ஓட்டோக்காரரிடம் நான் "கதைப்பது" கிடையாது.

லொட்ஜில் பாஸ்போர்ட், விசா கொப்பி கேட்டால் கொடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் லொட்ஜ்காரர் அதைப் பதிய வேண்டும். "அதெல்லாம் வேணாம், ஐந்நூறு சேர்த்துக் குடுங்க" என்கிற இடத்தில் பெட்டியை இறக்காதீர்கள்.

துணிக்கு கோடவுன் தெரு. கொழும்பு கெய்சர் வீதியில் தோள் இடிபட்டுப் பழகியவர்களுக்கு அங்கே ஒன்றும் புதிதில்லை, மூட்டை தூக்கி வருகிறவருக்கு வழி விட்டால் சரி. வாகன உதிரிப்பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, நம்ம கொழும்புப் பஞ்சிகாவத்தை மாதிரியேதான், எது எந்த வண்டியிலிருந்து கழன்று வந்தது என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பில் தராவிட்டால் வாங்காதீர்கள்.

பர்மா பஜாரில்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969இல் தொடங்கிய கடை வரிசை அது, நேர்மையான கடைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் போன் வாங்கும்போது ஒரு விளையாட்டு நடக்கும். உங்கள் கண்முன்னே பெட்டியைத் திறந்து, போனைப் போட்டுக் காட்டி, எல்லாம் சரி என்று நீங்கள் காசை எண்ணிக்கொண்டிருக்கும்போது "பேக் பண்ணித் தர்றேன் சார்" என்று மேசைக்குக் கீழே கொண்டுபோவார்கள். மேலே வருவது அதே பெட்டிதான், உள்ளே இருப்பது வேறு. போனை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு காசைக் கொடுங்கள், பெட்டி தனியாக வரட்டும்.

அப்புறம், பின்னேரம் ஆனால் பக்கத்துத் தெருவில் அத்தோ என்கிற பர்மாச் சாப்பாட்டு வண்டிகள் வந்துவிடும். நூடில்ஸையும் வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். வாழைத்தண்டு சூப்பைக் கேட்டு வாங்குங்கள், சூடாக இருக்கும்போதே.