அடுத்த பெடல் வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பண்ணிப் பாருங்க

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற யாராவது "டோன் சரியில்ல, அடுத்து எந்த பெடல் வாங்கலாம்?"னு, அதாவது காலால மிதிச்சு சத்தத்தை மாத்துற பெட்டியில எதைன்னு, கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், கம்பி கடைசியா எப்ப மாத்துனீங்க? பாதி பேருக்கு ஞாபகமே இருக்காது. ஆறு மாசம் வேர்வையும் அழுக்கும் ஏறின கம்பியில ட்ரெபிளே, அதாவது கூர்மையான மேல் சத்தமே, இருக்காது, அது செத்துப் போயிருக்கும், அதுக்கு முன்னாடி எவ்ளோ நல்ல ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்குற பெடல்) வெச்சாலும் செத்த கம்பியோட சத்தத்தைத்தான் அது பெருசாக்கித் தரும்.

வாங்காதீங்கன்னு நான் சொல்லல. கிட்டார் வாசிக்கிற எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு, இதுக்கு "காஸ்"னு (GAS, Gear Acquisition Syndrome, சாமான் வாங்கிக் குவிக்கிற வியாதி) பேரே இருக்கு, ஸ்டீலி டான் பேண்டோட வால்டர் பெக்கர் 1990கள்ல இதைப் பத்தி எழுதினப்ப கிட்டார் வாங்குற ஆசையைத்தான் சொன்னாரு, இப்ப பெடல், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கேபிள் எல்லாத்துக்கும் சேத்துச் சொல்றோம். புதுசா ஒண்ணு வீட்டுக்கு வந்தா கை தானா கிட்டாரை எடுக்கும், அது உண்மையான சந்தோஷம். ஆனா சத்தம் எங்க தொலையுதுன்னு தெரியாம வாங்குனா அந்த சந்தோஷம் ரெண்டு வாரம்தான், பழைய குறை அப்படியே இருக்கும்.

அதனால முதல்ல குறையை வார்த்தையில எழுதுங்க. "டோன் நல்லா இல்ல"ன்னு எழுதுனா பத்தாது. மந்தமா இருக்கா, காதுல குத்துதா, தனியா வாசிச்சா நல்லா இருந்து பேண்டோட வாசிச்சா காணாம போகுதா, உய்ய்ங்குன்னு இரையுதா? நாலுக்கும் காரணம் வேற வேற, அதனால வாங்க வேண்டிய பொருளும் வேற, பல நேரம் எதுவுமே வாங்க வேண்டியதில்ல.

மந்தமா இருக்குன்னா புதுக் கம்பி போட்ட உடனே பிக்கப் (கம்பிக்கு அடியில இருந்து அதோட ஆட்டத்தை மின்சாரமா மாத்துற காந்தக் கட்டை) உயரத்தைப் பாருங்க. இதை ரொம்ப பேரு தொடுறதே இல்ல, ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு இருந்தா போதும்கிறப்ப எனக்கு அது பெரிய வருத்தம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சுட்டு கம்பிக்கு அடியில இருந்து பிக்கப் காந்தத்தோட தலை வரைக்கும் அளங்க, ஃபெண்டர் ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில் (பிக்கப்ல ஒரே கம்பிச்சுருள்) கிட்டாருக்கு தடிக் கம்பி பக்கம் 2 மி.மீ., மெல்லிசுக் கம்பி பக்கம் 1.6 மி.மீ.ன்னு ஆரம்பிக்கலாம். அங்க இருந்து அரை சுத்து அரை சுத்தா திருப்பி வாசிச்சுக் கேளுங்க. கிட்ட கொண்டு போனா சத்தம் கூடும், தாக்கம் கூடும், ஆனா ரொம்ப கிட்ட போனா காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுக்கும், தடிக் கம்பியில மேல் ஃப்ரெட்ல வாசிக்கும்போது ஒரே நோட்டு ரெண்டு சுருதியா ஆடுற மாதிரி கேக்கும், ட்யூனரும் நிக்காம அலையும். அப்படி கேட்டுச்சுன்னா கிட்டார் மேல தப்பில்ல, பிக்கப்பை இறக்குனா போதும். நெக் பக்கம் கம்பி அதிகமா ஆடும், அதனால நெக் பிக்கப் (கழுத்துப் பக்கம் இருக்குறது) பிரிட்ஜ் பிக்கப்பை (கம்பி முடியுற பக்கம் இருக்குறது) விட கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும், ரெண்டையும் மாத்தி மாத்தி ஸ்விட்ச் போட்டு சத்தம் சமமா வர்ற வரைக்கும் சரி பண்ணுங்க.

நான் ஒரு தடவை சோலோ எடுபடலன்னு பூஸ்ட் பெடல் வாங்கி, அதுவும் பத்தாம இன்னொண்ணு வாங்கினேன். கடைசில பாத்தா பிரிட்ஜ் பிக்கப் ஒரு பக்கம் தாழ்ந்து போய் மெல்லிசுக் கம்பி ரெண்டும் சரியா பிக்கப் ஆகவே இல்ல. ரெண்டு நிமிஷ வேலை அது.

அடுத்து கேபிள். ஒரு மீட்டருக்கு சுமாரா 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிற குணம்) இருக்கும், சாதாரண பேஸிவ் (பேட்டரி இல்லாத) பிக்கப்புக்கு இது கூடக் கூட மேல் சத்தம் மழுங்கும். 3 மீட்டர்ல தெரியாது, 6 மீட்டர் கேபிள், நடுவுல எட்டு ட்ரூ பைபாஸ் (ஆஃப்ல இருந்தா சிக்னலைத் தொடாம அப்படியே விடுற) பெடல், அப்புறம் இன்னொரு 6 மீட்டர்னு போனா எல்லா பெடலும் ஆஃப்ல இருக்கும்போது அவ்ளோ நீளத்தையும் உங்க பிக்கப் ஒண்ணே தள்ளணும். உங்க போர்டுல ஏற்கனவே பஃபர் (நீளக் கேபிளைத் தள்ள சிக்னலுக்கு பலம் குடுக்குற சர்க்யூட்) உள்ள பெடல் ஏதாவது இருக்கும், ட்யூனர் பெடல் பலதுல உண்டு, அதை முன்னாடி வெச்சுப் பாருங்க. பழைய மாடல் ஃபஸ் (சத்தத்தை ரொம்ப கரகரப்பாக்குற பெடல்) இருந்தா மட்டும் அதை பஃபருக்கும் முன்னாடி போடுங்க, அதுக்கு கிட்டார் நேரடியா வரணும்.

பேண்ட்ல காணாம போற பிரச்சினைதான் ஆளை அதிகமா செலவு பண்ண வைக்கும். வீட்டுல மெதுவா வெச்சு வாசிக்கும்போது நம்ம காதுக்கு பேஸும் (கீழ்ச் சத்தம்) ட்ரெபிளும் கம்மியாத்தான் கேக்கும், 1933லயே ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டிட்டாங்க. அதனால நாம என்ன பண்றோம், பேஸை ஏத்துறோம், ட்ரெபிளை ஏத்துறோம், மிட்டை (நடுச் சத்தத்தை) குறைக்கிறோம், தனியா கேக்க பிரமாதமா இருக்கு. அதே செட்டிங்கை ப்ராக்டீஸ் ரூம்ல சத்தமா வெச்சா பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்குற இடத்துல போய் குழம்பும், சிம்பல் இருக்குற இடத்துல கீச்சிடும், கிட்டாருக்குன்னு இருக்குற மிட் இடம் காலியா கிடக்கும். பேஸ் கிட்டாரோட தடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், நம்ம தடிக் கம்பி 82 ஹெர்ட்ஸ், கீழ்ப்பகுதியை அவங்களுக்கு விட்டுக் குடுங்க. பேண்ட் வாசிக்கிற சத்தத்துல, பேண்டோட சேந்து, பேஸ் நாபைக் குறைச்சு மிட்டை ஏத்தி ஒரு பாட்டு முழுசா வாசிங்க. தனியா கேட்டா மூக்கடைச்ச மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, கூட்டத்துல அதுதான் தெளிவா கேக்கும். ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடலை இத்தனை வருஷமா எல்லாரும் விரும்புறதுக்கு காரணமும் இதான், அது பேஸை வெட்டி 700 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கி விடுது. ஆம்ப்ல மிட் நாபை திருப்புனாலே அதுல பாதி தூரம் போயிடலாம்.

பிக் (கம்பியை மீட்டுற சின்னத் துண்டு) மாத்திப் பாருங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். 0.6 மி.மீ.ல இருந்து 1.5க்கு மாறுனா வேற கிட்டார் மாதிரி இருக்கும். குயின் பேண்டோட பிரையன் மே அப்பாவும் அவருமா 1963ல கையால செய்ய ஆரம்பிச்ச கிட்டாரைத்தான் வாழ்நாள் முழுக்க வாசிக்கிறாரு, பிக்குக்கு பதிலா பழைய ஆறு பென்ஸ் காசு. பிரிட்ஜ் பக்கத்துல மீட்டுறதுக்கும் நெக் பக்கத்துல மீட்டுறதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஒரு நாள் உக்காந்து கேளுங்க.

இவ்ளோவும் பண்ணியும் குறை தீரலன்னா, அப்ப வாங்குங்க. சிங்கிள் காயிலோட இரைச்சலை எந்த நாபும் போக்காது, ஃப்ரெட் தேஞ்சு போனா கம்பி மாத்தி பிரயோஜனம் இல்ல, டிலே (எதிரொலி) சத்தம் வேணும்னா டிலே இருந்தாத்தான் வரும். ஆம்ப் சத்தமே பிடிக்கலன்னா ஆம்பை மாத்துறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை யோசிங்க. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சட்டுன்னு விழுந்துடும், அது விழுற விதம்தான் நாம டோன்னு சொல்றதுல பெரும்பங்கு. மாடலர் (பல ஆம்போட சத்தத்தை டிஜிட்டலா போலி பண்ற கருவி) வெச்சிருக்குறவங்க ஆம்ப் மாடலை மாத்தி மாத்தி களைச்சுப் போறதுக்கு பதிலா கேப் ஐஆரை (ஸ்பீக்கர் பெட்டியோட சத்தத்தைப் பதிஞ்சு வெச்ச ஃபைலை) மாத்துங்க. ரெக்கார்டிங்னா மைக்கை ஸ்பீக்கர் கோனோட நடுவுல இருந்து ரெண்டு செ.மீ. நகத்துங்க, ட்ரெபிள் எவ்ளோ இறங்குதுன்னு அப்பவே கேக்கும்.

வாங்குறதை டெஸ்ட் பண்றதுக்கு ஒரு முறை இருக்கு. லூப்பர்ல (வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்ப ஓட்டுற பெடல்) ஒரு ரிஃப் ரெக்கார்ட் பண்ணி ஓட விட்டு, லூப்பருக்கு அடுத்து ஒப்பிட வேண்டிய ரெண்டு பெடலையும் வைங்க, அப்பதான் உங்க கை மாறாது. ரெண்டோட வால்யூமையும் ஒண்ணா வைங்க, போன்ல சத்தம் அளக்குற ஆப் போதும். ஏன்னா ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது "இதான் நல்லா இருக்கு"ன்னு சொல்லிடும், டெமோல பெடலை ஆன் பண்ணும்போது நமக்கு சிலிர்க்கிறதுல பாதி அதுதான். 50 வாட் ஆம்புக்கும் 100 வாட் ஆம்புக்கும் நடுவுல இருக்குறதே 3 டெசிபல்தான், ரெண்டு மடங்கு சத்தமா தோணவே சுமாரா 10 டெசிபல் வேணும், வாட் பாத்து வாங்குறவங்க இதை மனசுல வெச்சுக்கங்க. அப்புறம் நண்பர் யாரையாவது ஸ்விட்ச் போடச் சொல்லிட்டு நீங்க திரும்பி உக்காருங்க, எது எதுன்னு பத்து தடவை சொல்லுங்க. ஆறேழு தடவை தப்பா சொன்னா அந்த ரெண்டுல புதுசா வாங்க எதுவும் இல்ல.

வித்தியாசம் தெரிஞ்சு வாங்கிட்டீங்கன்னா முதல் வாரம் அந்த பெடலை மட்டும் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவுல வெச்சு வாசிங்க, எல்லா நாபையும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க, பிடிச்ச செட்டிங்கை போட்டோ எடுத்து வைங்க. பெட்டியும் கூட வந்த ஸ்க்ரூவும் பத்திரமா இருக்கட்டும், மூணு மாசம் அதை மிதிக்காமலே போச்சுன்னா விக்கும்போது தேவைப்படும்.