மலையில் கோழிக்குஞ்சு: காலண்டரைப் பார்த்து பல்பை அணைக்காதீர்கள்

வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒரு பெட்டி குஞ்சு வாங்கிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறுகிறவர்கள், வளர்க்கும் முறையையும் அங்கேயே கேட்டு வந்துவிடுகிறார்கள். முதல் வாரம் பல்பு போட்டு 35 டிகிரி செல்சியஸ் சூடு, அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும், நாலாவது வாரம் பல்பே வேண்டாம். கீழே இது சரிதான். அங்கே பல்பை அணைத்தாலும் பல மாதங்களில் இரவு 20 டிகிரிக்குக் கீழே போகாது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மார்கழி இரவு அப்படி இல்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாதக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும் ஊரில் நாலு வாரக் குஞ்சை வெறும் கூண்டில் விட்டால் விடியும்போது ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பாதி சாவு குளிரால், மீதி அந்த நெரிசலால்.

பார்க்க வேண்டியது குஞ்சின் முதுகை. இறகு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முளைப்பதில்லை. முதலில் இறக்கை, அப்புறம் வாலும் தோளும், பிறகு மார்பு. முதுகும் கழுத்தும் தலையும் கடைசியில்தான் மூடும். இறக்கை நன்றாக வளர்ந்த குஞ்சு மேலிருந்து பார்க்கப் பெரிய கோழி மாதிரியே தெரியும், ஆள் ஏமாந்துவிடுவார். கையில் எடுத்து முதுகில் வாயால் லேசாக ஊதிப் பாருங்கள். இளஞ்சிவப்புத் தோல் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு இன்னும் சூடு வேண்டும், வயது எத்தனை வாரமானாலும்.

கலப்புப் பெட்டியில் இது இன்னும் சிக்கல். லெகார்ன் வழி வந்த முட்டைக்கோழிக் குஞ்சுகள் சீக்கிரம் இறகு போர்த்திக்கொள்ளும். பெருவிடை, அசில் மாதிரியான இனங்கள் நிதானம். ஒரே தாயின் அடையில் பொரித்தவற்றிலும் ஒன்று முழுசாக இறகோடும் இன்னொன்று முதுகு வெளுத்தும் நிற்கும். இறகு வேகத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்று, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. அதோடு சேவல் குஞ்சுகள் பொதுவாகவே தாமதம்.

இந்தத் தாமதக் குஞ்சை நோஞ்சான் என்று முடிவுகட்டி, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. இருட்டியபின் அதன் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருந்து, பகலில் மற்றவற்றோடு ஓடியாடினால் அதற்கு ஒரு குறையும் இல்லை, இறகு மட்டும்தான் பாக்கி. இறக்கை தொங்கி, கண் மூடி, தனியாகக் குந்தி நிற்பதுதான் நோய்க்குஞ்சு. அதேபோல், இறக்கையின் நீளத்தைப் பார்த்து ‘இது பெட்டை, இது சேவல்’ என்று பந்தயம் கட்டுவதும் வேண்டாம். அதற்கென்றே தாய் தகப்பனைத் தேர்ந்து ஜோடி சேர்த்த குஞ்சுகளில், அதுவும் பொரித்த ஓரிரு நாளுக்குள்தான், அந்த வித்தை பலிக்கும். நாட்டுக்கோழிக் கலவையில் பலிக்காது.

சரி, ஒன்றுக்குச் சூடு வேண்டும், ஒன்றுக்கு வேண்டாம், என்ன செய்வது? பல்பைக் கூண்டின் நடுவில் தொங்கவிடாதீர்கள். ஒரு ஓரத்தில் கட்டுங்கள், தீனியும் தண்ணீரும் மறு ஓரத்தில். வேண்டியது வேண்டிய இடத்தில் படுத்துக்கொள்ளும். கடைசிக் குஞ்சின் முதுகு மூடும்வரை அந்த ஓரம் சூடாக இருக்கட்டும். குளிர்காலத்துக்குக் குஞ்சுக்கு 2 வாட் என்பது பொதுவான அளவு. பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டு போவது நம் பக்கம் புதிதில்லை, வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்க ஏற்பாடு இருக்கட்டும்.

கரண்டு இல்லையே என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைப்பது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குகிற ஆளையும் கொல்லும். குளிருக்குப் பயந்து சாக்கால் நாலு பக்கமும் இறுக்கி மூடுவதும் இதற்குத் தம்பி. எச்சத்தின் அமோனியா உள்ளேயே தங்கிக் கண்ணைக் கெடுக்கும். காற்று குஞ்சின் மேல் நேராகப் படக்கூடாது, மேலே ஒரு சாண் திறப்பு இருந்தாக வேண்டும்.

கறிக்கோழிக் குஞ்சு வாங்குகிறவர்களுக்கு மலையில் தனியாக ஒரு ஆபத்து உண்டு. இந்த உயரத்தில் மூச்சுக்கு ஆக்சிஜன் குறைவு. வேகமாக எடை ஏறும் உடம்புக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், குளிர் அந்தத் தேவையை இன்னும் கூட்டும். நுரையீரலுக்கு ரத்தம் தள்ளித் தள்ளி இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். கொழுகொழுவென்று முன்னால் நின்ற குஞ்சுதான் முதலில் சாகும். இரவு பகலாகத் தீனி கொட்டாமல் கொஞ்சம் மட்டுப்படுத்துவதும் சூட்டைக் குறையவிடாமல் பார்ப்பதும்தான் வழி. மேல்மலைக்கு நாட்டுக்கோழியே பொருத்தம் என்பேன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி கீழ்மலைப் பக்கம் இந்தப் பிரச்சினை அவ்வளவு இருக்காது.

இறகு என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். வெறும் குருணையில் 8 சதவீதம் புரதம் தேறினால் அதிகம். குஞ்சுக்கு 20 சதவீதமாவது வேண்டும், முதல் இரண்டு மாதம் ஸ்டார்ட்டர் தீவனமே போடுங்கள். மூட்டையைத் தரையில் வைத்தால் மலை ஈரத்தில் பூசணம் பிடிக்கும், பலகை மேல் வையுங்கள். கட்டி தட்டி, வாடை அடிக்கிற தீவனத்தை வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பூசண நஞ்சு வெயிலுக்கு முழுசாகப் போகாது.

புரதக் குறைவும் நெரிசலும் சேர்ந்தால் கொத்தல் ஆரம்பிக்கும். புதிதாக முளைக்கும் இறகுத்தண்டுக்குள் ரத்தம் ஓடும். ஒரு குஞ்சு அதைக் கொத்தி ஒரு சொட்டுச் சிவப்பு தெரிந்தால் போதும், கூட்டமே சுற்றிக்கொள்ளும். அகப்படுவது முதுகு மூடாத அந்தத் தாமதக் குஞ்சுதான். காயம்பட்டதை உடனே பிரியுங்கள், ஆனால் தனிமையில் போடாமல் சாதுவான ஒரு துணையோடு. முழுக்கத் தனியாக வளர்ந்ததைத் திரும்பச் சேர்த்தால் மறுபடி அடி வாங்கும். இடத்தைக் கூட்டி வெளிச்சத்தை மங்கலாக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கீழே போட்ட மரத்தூளைத் தினமும் கிளறிவிடுங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமிருந்தால் மாற்றிவிட வேண்டும். மூன்றாவது வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் கண்டால் அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) வராமல் தடுக்கும் முதல் சொட்டு மருந்தை, பிறந்த 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ விடுவதற்கும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டு வர வேண்டும், ஊரே குளிராக இருக்கிறதே என்று சட்டைப் பையில் போட்டு வராதீர்கள்.