மெயில்ல 'ரிவர்ட்' போடறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

திருப்பூர்ல எந்த பனியன் கம்பெனி ஆபீஸ்ல போயி பாத்தாலும் பாதி மெயில் 'வில் ரிவர்ட் சூன்'னு தானுங்க முடியும், சீக்கிரம் பதில் போடறோம்ங்கற நெனப்புல. நானும் மெர்ச்சண்டைசரா, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆர்டர பாத்துக்கற ஆளா சேந்த புதுசுல அப்படித்தான் எழுதுவேன், சீனியர் அண்ணன் எழுதுனத பாத்து காப்பி அடிச்சதுதான். ஒரு தடவ இங்கிலாந்து பையர் 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட கிராம் எடை) துணிய 180 ஆக்கித் தரச் சொல்லியிருந்தாரு, நான் 'ஜிஎஸ்எம் வி வில் ரிவர்ட்'னு ஒத்த வரி போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன், மறுநாள் போன் பண்ணி ஏன் மறுபடி 160க்கே போறீங்கன்னு கேக்கறாரு, எனக்கு ஒண்ணுமே வெளங்கல.

ரிவர்ட்னா அவங்களுக்கு பதில் போடறது இல்லீங்க, பழைய நெலைமைக்கே திரும்பிப் போறது. லத்தீன்ல 'ரி'ன்னா மறுபடி, 'வெர்டெரே'ன்னா திருப்பறது, பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்துச்சு. குத்தகை முடிஞ்சா காடு சொந்தக்காரருக்கே போகுதே, அதுக்கு ரிவர்ட். சாப்ட்வேர் பசங்க கோடு சொதப்புனா முந்தின வெர்சனுக்கு மாத்தறதும் ரிவர்ட். கன்வர்ட், டைவர்ட் எல்லாம் இதுக்குப் பங்காளிங்கதான். பாட்டு வரிய வெர்ஸ்ங்கறாங்களே, அதுவும் இந்த வகையறாதான்: ஏர் ஓட்டிட்டுப் போயி காட்டோரத்துல மாட்டத் திருப்பி அடுத்த சால் போடறத லத்தீன்ல 'வெர்சுஸ்'னாங்க, அதுவே எழுதற வரிக்கும் பேராயிருச்சு. எங்க அப்பாருகிட்ட சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாரு. அர்ச்சுனன் மாட்டுக் கூட்டத்தத் திருப்புன ஊருதான் திருப்பூர்னு கதை சொல்லுவாங்க, அந்தக் கணக்குல பாத்தா ரிவர்ட் நம்மூரு வார்த்தைதான் போங்க!

'ரிவர்ட் பேக்' எழுதாதீங்க, அது நடு சென்டர்ங்கற மாதிரி. 'ப்ளீஸ் ரிவர்ட் மீ' இன்னும் மோசம், என்னைய பழைய ஆளா மாத்துங்கன்னு கெஞ்சறாப்ல இருக்கும். பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போற மெயில்னா ரிவர்ட் இருந்துட்டுப் போகட்டும், அங்கயும் பதில்ங்கற அர்த்தத்துலதான் எழுதறாங்க, அதப் போயி தப்புன்னு நான் சண்டைக்கு வரமாட்டேன். லண்டன், நியூயார்க்குக்குன்னா மட்டும் 'ரிப்ளை'ன்னோ 'கெட் பேக் டு யூ'ன்னோ போடோணும்.

நாம எழுதறதுகூட பரவால்லீங்க, அவங்க எழுதறத நாம தப்பா படிக்கறதுதான் காசுக்கு வேட்டு. 'ப்ளீஸ் ரிவர்ட் டு தி ஓல்டு லேபிள்'னு ஒருத்தரு அனுப்ப, பழைய லேபிள பத்தி பதில் கேக்கறாராட்ட இருக்குதுன்னு நெனச்சு எங்காளு 'நோட்டட்'னு தட்டிட்டு புது லேபிளயே ஓட்டிட்டான். அப்புறமேட்டு அத்தன பீஸையும் பிரிச்சுத் தெச்ச கூலி யாரு தலைல விடிஞ்சுதுன்னு நான் சொல்லோணுமாக்கும்.