ரப்பர் கொள்முதல் கணக்கிற்கு லோ-கோட் செயலி அமைக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்திலோ அருமனையிலோ ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு எடை, தரம், விலை, முன்பணக் கழிவு ஆகியவற்றைப் பதியும் செயலி வேண்டுமென்றால், நிரலாளரைத் தேட வேண்டியதில்லை. 2020-இல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட் போன்ற, நிரல் அதிகம் எழுதாமலே செயலி அமைக்க உதவும் லோ-கோட் கருவியே போதும்.

முதலில் கூகுள் ஷீட்டில் விவசாயிகள், கொள்முதல், பணப்பட்டுவாடா என மூன்று தாள்களை அமைத்து, ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாள எண் கொடுங்கள். பெயரையே அடையாளமாக வைத்தால், ஒரே ஊரில் நான்கு செல்வராஜ்கள் இருக்கும் நம் மாவட்டத்தில் கணக்கு குழம்பிவிடும். அன்றைய விலையைக் கொள்முதல் வரியிலேயே பதிந்துவிட வேண்டும். விலைப்பட்டியலிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துக் கணக்கிட்டால், நாளை விலை மாறும்போது நேற்றைய பில்லும் சேர்ந்தே மாறும்.

மலையோரத் தோட்டங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், இணையமின்றிப் பதியும் வசதியை இயக்குங்கள். ஆனால் இருவர் ஒரே வரியைத் திருத்தினால் கடைசியாக வந்து சேரும் திருத்தமே நிலைக்கும்; ஆகவே பழைய வரியைத் தொடாமல் புதிய வரி சேர்ப்பதே நல்லது.

கூகுள் ஷீட் 1 கோடி கட்டங்களுக்கு மேல் ஏற்காது. செயலியோ அதற்கு வெகு முன்பே மந்தமாகிவிடும். மைக்ரோசாஃப்டின் இதே வகைக் கருவியான பவர் ஆப்ஸில் சிக்கல் இன்னும் நுட்பமானது: தரவுத்தளமே கணக்கிடும்படி அதனிடம் ஒப்படைக்க முடியாத சூத்திரம் இயல்பாக முதல் 500 வரிகளை மட்டுமே பார்க்கும், அதை 2,000 வரைதான் உயர்த்தலாம் என்பதால், மொத்தத் தொகை குறைவாக வந்தாலும் கடையில் இருப்பவருக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை நோட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.