முற்றத்தில் ஒரு எரெடோ

பேரனின் பள்ளிக் கண்காட்சிக்காக, தக்கலையில் எங்கள் முற்றத்துச் செம்மண்ணிலேயே நைஜீரியாவின் சுங்போ எரெடோவை, அதாவது இஜெபு மக்கள் பகுதியைச் சுற்றியுள்ள பழங்கால அகழியையும் மண்கரையையும், மாதிரியாகச் செய்தேன். மம்பட்டியும் ஸ்கேலும் போதும்.

மழை விட்ட மறுநாள் ஆரம்பியுங்கள். காய்ந்த மண் உதிரும், சகதி சரியும். 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் கணக்கு. பள்ளம் வெட்டி, அந்த மண்ணை உள்பக்கம் போட்டுக் கரை கட்டுங்கள். நான் முதலில் வெளியே கொட்டிவிட்டேன், வருகிற எதிரிக்குப் படி கட்டிக் கொடுத்த மாதிரி! பள்ளத்தின் அடியிலிருந்து கரை உச்சிவரை 20 சென்டிமீட்டர். அங்கே சில இடங்களில் அது 20 மீட்டர், ஒரு நெட்டைத் தென்னை உயரம். பள்ளச் சுவரைக் கரண்டியால் செங்குத்தாக வழித்துவிடுங்கள். முழுச் சுற்று சுமார் 160 கிலோமீட்டர்; நமக்கு இரண்டு முழம் போதும்.

அப்புறம் கதை. பிள்ளையில்லாத பணக்கார விதவை பிலிகிசு சுங்போ தன் நினைவாகக் கட்டியது என்பது இஜெபு மக்கள் வழக்கு. அவள்தான் பைபிளில் வரும் சேபா அரசி என்பாரும் உண்டு. சேபா அரசியோ சாலமோன் மன்னன் காலத்தவள். எரெடோ அதற்கு 1,700 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. ஆனாலும் அங்குள்ள ஓகே-எரி என்ற ஊரில் சுங்போவின் கல்லறை என்று காட்டும் இடத்துக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். அட்டையில் கதையைச் சிவப்பிலும் காலத்தை நீலத்திலும் எழுதுங்கள்.