பத்து நாள் விபாசனாவில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவது எப்படி?

எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா தியான முறையில் நடக்கும் பத்து நாள் முகாமுக்கு முதல் தடவை போனபோது எனக்குப் பிடிபடாதது அதிட்டானம்தான். ஒரு மணி நேரம் கண் திறக்காமல், கை காலைப் பிரிக்காமல் உட்கார வேண்டும். இரண்டாவது தடவை, சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது தியான மையத்தில், அது கைகூடியது.

காலை 4 மணி மணியோசை, போனை ஒப்படைப்பது, பேசாமல் இருப்பது எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும்.

1. முதல் மூன்று நாளும் ஆனாபானா. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே மூச்சு படுவதைக் கவனிக்க வேண்டும். பிராணாயாமம் பழகியவர்கள் மூச்சை இழுத்துவிடப் பார்ப்பார்கள்; வேண்டாம். வருகிற மூச்சு வருகிறபடியே வரட்டும்.

2. இருக்கையை முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் திண்டு அரை மணியில் அமுங்கிவிடும். நான் கெட்டியான பருத்தித் திண்டைத்தான் சொல்வேன். இடுப்பு உயர்ந்து, முழங்கால் இரண்டும் தரையில் படிய வேண்டும்.

3. நான்காம் நாள் விபாசனா தொடங்கும். தலை முதல் கால் வரை கவனத்தை நகர்த்தி, உடம்பில் எழும் உணர்வுகளைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதன்பின் தினமும் மூன்று வேளை அதிட்டானம்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நாற்பதாவது நிமிடம் வலது முழங்காலில் வலி எழும்பும். உடனே கவனம் அங்கே ஓடி, பல்லைக் கடித்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவேன். அப்படிச் செய்யக் கூடாது. உச்சந்தலை, நெற்றி, தோள் என்று வரிசையாகவே வாருங்கள். முழங்காலின் முறை வரும்போது மட்டும் அங்கே நில்லுங்கள், மற்ற இடங்களில் நின்ற அளவுக்குத்தான். அப்படிப் பார்த்தபோது நான் 'வலி' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரே கட்டியாக இல்லை. ஓரத்தில் சூடு, நடுவில் விண்விண்ணென்ற துடிப்பு, கீழே இழுப்பு. ஒவ்வொன்றும் மாறிக்கொண்டே இருந்தது. அனிச்சா, அனிச்சா (நிலையில்லாதது) என்று கோயங்காவின் பதிவுரையில் கேட்ட சொல் அப்போதுதான் உடம்பில் புரிந்தது.

தாங்கவே முடியாவிட்டால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வேளை அதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாக அசையாமல் உட்காரலாம்.

பிற்சேர்க்கை: முழங்கால் தேய்மானம் இருக்கிறது, போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். விண்ணப்பத்திலேயே அதை எழுதிவிடுங்கள், அங்கே போனதும் நாற்காலி கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதிட்டானம் அதிட்டானம்தான்.