ஓரெழுத்துச் சொல்லைப் பல மொழிகளில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஒரே ஒலியுடைய சிறு சொல் ஒன்று தொடர்பில்லாத மொழிகளில் என்னென்ன பொருள் தருகிறது என்று தேட விரும்புவோர் முதலில் சொல்லைத் தெரிந்தெடுக்க வேண்டும். தமிழருக்கு இதில் அலைச்சல் இல்லை. ஓரெழுத்தொருமொழிகள் 42 என்று நன்னூல் கணக்கிட்டு வைத்திருக்கிறது. அவற்றுள் ‘நொ’, ‘து’ போல வழக்கொழிந்தவற்றை விட்டுவிட்டு, இன்றும் நாவில் புழங்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே எடுத்துக்காட்டாக ‘மா’வை வைத்துக்கொள்கிறேன்.

வெளிமொழிக்குப் போகுமுன் சொந்த மொழிப் பொருள்களை முழுதாகத் திரட்டிவிட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இதற்குப் போதும். அது இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே வடிவமுள்ள வெவ்வேறு சொற்களை எண்ணிட்டுத் தனித்தனியே தருவது அந்த அகராதியின் பெரிய வசதி. மாமரம், விலங்கு, குறிப்பாகக் குதிரையும் யானையும், பெரிய, அரைத்த மாவு, 1/20 என்னும் பின்னம், தஞ்சைப் பக்கம் இன்றும் வழங்கும் நில அளவு, வடமொழிவழி வந்த திருமகள் என்று ‘மா’ விரிந்துகொண்டே போகும். இவை அனைத்தும் ஒரே சொல்லின் கிளைகள் அல்ல என்பதை இப்போதே குறித்துவையுங்கள்.

அடுத்தது ஒலி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழுத்தைப் பார்த்து ஒப்பிடக் கூடாது. காதால் கேட்டு ஒப்பிட வேண்டும். சௌகார்பேட்டையில் இந்தி பேசுபவரிடமோ திருவல்லிக்கேணியில் உருது பேசுபவரிடமோ முடிக்கு என்ன சொல் என்று கேட்டு, வந்த விடையைத் தமிழில் எழுதினால் ‘பால்’ என்றாகும். நம் பாலையும் அப்படியேதான் எழுதுகிறோம். ஆனால் அங்கே முதலெழுத்து அதிர்ந்து ஒலிக்கிறது, நம்முடையது அதிர்வதில்லை. ஆகவே இவை ஒரே ஒலியுடைய சொற்களே அல்ல. குறிப்பேட்டில் அதிர்வொலிக்கு அடிக்கோடு போன்ற ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும்.

சுருதி ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழிகளில் இன்னும் கவனம் தேவை. சீனத்தின் மாண்டரின் வழக்கில் உயர்ந்த சமச்சுருதியில் ‘மா’ என்றால் தாய், ஏறுசுருதியில் சணல், இறங்கி ஏறினால் குதிரை, சட்டென்று இறங்கினால் திட்டுதல். வியட்நாமியத்தில் பேய், தாய், ‘ஆனால்’, கல்லறை, குதிரை, நாற்று என ஆறு சுருதிக்கு ஆறு பொருள். இவற்றை ஒரே ‘மா’ என்று எழுதிவிட்டால் ஒப்பீடு அங்கேயே கெட்டுவிடும்; ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருதி எண்ணைப் போடுங்கள். பின்னிஷ் மொழியில் நிலம், ஹங்கேரியத்தில் இன்று, இத்தாலியத்தில் ‘ஆனால்’, ஜப்பானியத்தில் இடைவெளி என்று பட்டியல் மேலும் வளரும். இதில் வியப்படைய அதிகமில்லை. தமிழ் நெடுங்கணக்கிலேயே உயிர்மெய் 216தான். மனிதருக்குத் தேவையான பெயர்களோ ஆயிரக்கணக்கில். சொல் எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு மோதல் தவிர்க்க முடியாதது.

இனி, திரட்டியதைப் பிரித்தறிய வேண்டும்: உறவா, கடனா, தற்செயலா? ‘குதிரை’ என்ற பொருளே நல்ல பயிற்சி. தமிழ், மாண்டரின், வியட்நாமியம் மூன்றிலும் ‘மா’வுக்கு அந்தப் பொருள் உண்டு. வியட்நாமியச் சொல் சீனத்திலிருந்து வாங்கிய கடன். தமிழ்ச் சொல்லோ பொதுவாக விலங்கைக் குறித்து, அதன்பின் குதிரைக்கும் யானைக்கும் பொருந்தி நிற்பது. சீனச் சொல்லோடு அது ஒத்துப்போவதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். வியட்நாமியமும் இத்தாலியமும் ‘ஆனால்’ என்பதில் ஒத்துப்போவதும் அவ்வாறே.

உறவு இருந்தால் ஒற்றுமை ஒரு சொல்லோடு நில்லாது. பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு. நம் பகரம் இருந்த இடத்தில் அங்கே ஹகரம் வரிசையாக நிற்கிறது. உறவுக்குச் சான்று இந்த ஒழுங்குதான், ஒலியின் சாயல் அல்ல. கடனை அறிய வரலாற்றைப் பாருங்கள்: பூட்டுக்குரிய ‘சாவி’ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, பதராய்ப் போன நெல்லைக் குறிக்கும் ‘சாவி’ நம்முடையது. தற்செயலை அறியச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடுங்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் வழங்கிய அம்பபாரம் மொழியில் நாய்க்கு ‘டாக்’ என்றே பெயர். ஆங்கிலேயர் வந்து கொடுத்துவிட்டுப் போனது என்று தோன்றும். அதன் மூலமோ ‘குடக’ என்பது. முன்னும் பின்னும் தேய்ந்து அப்படி ஆனது.

குழந்தைச் சொற்களைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். அம்மா, அப்பா, மாமா போன்றவை பிள்ளையின் உதட்டில் முதலில் வரும் ஒலிகளால் ஆனவை. அவை எங்கும் முளைக்கும், பொருள் மட்டும் இடம் மாறும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தந்தை, தாய்க்கு ‘தேதா’.

சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், தெலுங்கு வடமொழியிலிருந்து பிறந்ததல்ல என்று 1816இல் நிறுவியபோது, ஒத்தொலிக்கும் ஓரிரு சொற்களை நம்பி இறங்கவில்லை. தெலுங்கு, கன்னடம், தமிழ் வேர்ச்சொற்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினார். வாட்ஸ்அப்பில் வரும் ‘கொரியமே தமிழ்’ வகைச் செய்திகளுக்கும் அதே சோதனையை வையுங்கள். ‘அப்பா’வும், ‘நான்’ என்பதற்கான ‘நா’வும் ஒத்துப்போகட்டும், கண்ணுக்கு ‘நுன்’, மூக்குக்கு ‘கோ’, கைக்கு ‘சொன்’, ஒன்று இரண்டு மூன்றுக்கு ‘ஹனா, துல், செத்’ என்று அந்தச் செய்தி சொல்லாமல் விட்ட சொற்களையும் பக்கத்தில் எழுதி, அதை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பலாம்.